கமிட்டிக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகள் கிரேசுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் அம்மாவின் வாழ்த்துகள். நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தை, அதாவது ஒரு போதகருக்குக் கீழுள்ள சபைகளை, நடத்தும் கமிட்டிக்கு நீ தேர்வான செய்தி உன் போன் வருவதற்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. சந்தோஷம். "மாசம் ஒரு கூட்டம், காப்பி, வடை, ஜெபம், அவ்வளவுதானே அம்மா" என்று கேட்டிருந்தாய். அப்படி நினைத்துப் போகாதே. சந்தா கட்ட முடியாத ஒரு விதவையின் சவப்பெட்டி கோயிலுக்குள் வருமா, நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகுமா என்பது அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகிறது.

சபையார் மனம் நொந்து கோயிலை விட்டுப் போகிறார்கள் என்றால் பெரும்பாலும் பிரசங்கம் காரணமாக இருக்காது. சபைச் சந்தா, ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு), அடக்கம், பண்டிகை ஏலம், சபைத் தேர்தல் ஓட்டர் லிஸ்ட், இவற்றில்தான் காயம்படுகிறார்கள். அதற்குப் போதகர் ஐயர் கெட்டவராக இருக்கவேண்டும் என்று இல்லை. எந்த விஷயம் எழுதி வைக்கப்படவில்லையோ அங்கே முகதாட்சணியம் நுழைந்துவிடும். வாய்ப்பேச்சில் ஓடுகிற விதி பெரிய காணிக்கைக்காரர் வீட்டுக்கு வளையும், கொத்தனார் வீட்டுக்கு வளையாது. யாக்கோபு 2ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தைக்காரனுக்குக் காலடியும் கொடுத்தார்களே, அவர்களும் யாரையும் அவமதிக்கவேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்திருக்கமாட்டார்கள்.

அடக்கத்திலிருந்து தொடங்கு. சாவு வீட்டிலிருந்து இரண்டு பேர் கோயிலுக்கு வருவார்கள். மணி அடிக்கவேண்டும், ஐயருக்குச் சொல்லவேண்டும், குழி வெட்டவேண்டும். அந்த நேரத்தில் சந்தா நோட்டைத் திறந்து, "உங்க குடும்பத்துக்கு நாலு வருஷப் பாக்கி நிக்குது" என்று சொல்கிற செயலர்கள் இருக்கிறார்கள். பிணத்தை வீட்டில் போட்டுக்கொண்டு யாரும் வாதாட மாட்டார்கள், வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடுவார்கள். வசூலுக்கு இதைவிட வசதியான நேரம் கிடைக்காது என்பதால்தான் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. இதற்கு ஒரு தீர்மானம் போதும்: "அடக்க ஆராதனைக்கும் கல்லறை இடத்துக்கும் சந்தா பாக்கி தடையாகாது. பாக்கி பற்றி அடக்கம் முடிந்து 30 நாள் கழித்து, இருவர் வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டும்." திருமண்டல விதி, அதாவது பேராயருக்குக் கீழுள்ள நம் மறைமாவட்டத்தின் விதி, இதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கொண்டுபோ. இல்லையென்றால், "சட்டம் இடம் தராது" என்ற ஒரே வரியில் மூடிவிடுவார்கள்.

அடக்கத்துக்கு ஆகும் பணத்தை ஒரே தொகையாகச் சொல்ல விடாதே. கல்லறை இடத்துக்கு எவ்வளவு, குழி வெட்டுகிறவர் கூலி எவ்வளவு, கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டியாருக்கு எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, கல் கட்ட அனுமதிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். எது சபைக் கணக்குக்கு, எது ஆள் கைக்கு என்பதும் அதிலேயே இருக்கட்டும். மொத்தமாக வாங்கினால் ஒரு பகுதிக்கு மட்டும் ரசீது வரும், மீதி எங்கே போனது என்று தெரியாது, குழி வெட்டினவர் கைக்குப் பாதிதான் போய்ச் சேரும். ஐயருக்குக் கொடுக்கிற கவர் குடும்பத்தாரின் அன்பளிப்பு. அது அந்தத் தாளில் ஏறவே கூடாது, ஏறினால் அதுவும் கட்டணமாகிவிடும்.

கல்லறை அளவையும் எழுதி வையுங்கள். மார்பிள் கல்லறைக்கு ஏழெட்டுப் பேருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, சுற்றிலும் கம்பி வேலி போடவும் விட்டுவிட்டு, அப்புறம் ஏழை வீட்டாரிடம் "இடமில்லை, பழைய குழியைத்தான் திறக்கணும்" என்பார்கள். நீளம் 7 அடி, அகலம் 3 அடி, அதற்கு மேல் யாருக்கும் இல்லை என்று வைத்தால் பேச்சு முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு மூலை என்ற வழக்கம் எங்கேயாவது இருந்தால், அதைப் "பழைய ஏற்பாடு" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்திய சபைகளுக்கு எழுதிய சுற்றுக்கடிதத்திலேயே கோயிலுக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறார். கிட்டத்தட்ட இருநூறு வருஷமாகிறது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறையைச் சாதியால் பிரித்த சுவரைப் பற்றி நீ படித்திருப்பாய். நம் பக்கத்தில் சுவர் இல்லாமலேயே அதே காரியம் நடக்கும். இன்னாருக்கு இந்த வரிசை என்று கோயில்குட்டியாருக்கு வாயால் சொல்லி வைத்திருப்பார்கள்.

ஓலை விஷயம் சுலபம். மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும், ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றுகள் வேண்டும், வயதுச் சான்று வேண்டும் (மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18), வேறு சேகரமானால் அங்கேயிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். பொதுவாக 1872ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவில் ஆராதனை நடக்கவேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் நாலு நடை அலைச்சல் மிச்சம். சண்டை வருவது சான்றிதழில்தான். கமிட்டியோடு பிணக்கு என்பதற்காக ஞானஸ்நானச் சான்றையும் மாற்றல் கடிதத்தையும் இழுத்தடிப்பார்கள். பதிவேட்டில் இருக்கிற பெயரைப் பார்த்து எழுதிக் கொடுக்கிற காரியத்துக்குக் கமிட்டித் தீர்மானம் எதற்கு? விண்ணப்பம் வந்த தேதி, கொடுத்த தேதி என்று இரண்டு பத்தி போட்ட ஒரு நோட்டு வைக்கச் சொல். 7 நாள் தாண்டினால் ஏன் என்று கூட்டத்தில் கேள். அலைந்து சலித்த பிள்ளைகள் 1954ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து ரிஜிஸ்டர் ஆபீசிலேயே முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் "இளையவர்கள் கோயிலுக்கு வருவதில்லை" என்று வருத்தப்படுவது யாருக்காக?

ஏலத்தைப் பற்றி நான் சொன்னால் உனக்குப் பிடிக்காது, காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை என்றாலே உனக்கு உற்சாகம். நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவதும், மைக்கில் பெயர் சொல்லி "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று கூப்பிடுவதும், கேட்டவர் ஒரு வருஷம் கட்ட முடியாமல் அந்தத் தொகையைப் பாக்கி லிஸ்டில் படிப்பதும்தான் தப்பு. மைக்கில் யார் பெயரும் சொல்லக்கூடாது, ஏலப் பாக்கியைச் சந்தா பாக்கியோடு சேர்க்கக்கூடாது. இந்த இரண்டையும் வாங்கிவிட்டாயானால் பாதி வென்றாய்.

இனி பணம். பெண் மெம்பர் என்றால் அசன விருந்துக்குப் பாத்திரக் கணக்கைத் தந்து உட்கார வைப்பார்கள். அதையும் பார், ஆனால் கேஷ் புக்கைக் கேள். காணிக்கை எண்ணும்போது உறவுமுறை இல்லாத இருவராவது வெஸ்ட்ரியில் (கோயிலை ஒட்டிய அறையில்) இருக்கவேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தாளில் எழுதி அங்கேயே இருவரும் கையெழுத்து. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை அந்த இருவர் முன்தான் பிரிக்கவேண்டும், வெறுங்கவரையும் தணிக்கை முடியும்வரை வைத்திருக்கவேண்டும். திங்கட்கிழமை முழுத் தொகையும் பாங்கில் ஏறவேண்டும். தப்பு நடக்கிற இடம் இதுதான்: ஞாயிறு தட்டிலிருந்தே கரண்டு பில்லுக்கும் பூவுக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியை மட்டும் வரவு வைப்பார்கள். திருட்டு என்று சொல்ல முடியாது, ஆனால் ஆறு மாதத்தில் எது வரவு, எது செலவு என்று யாருக்கும் தெரியாது. வரவு முழுசாக ஏறட்டும், செலவு செக்கில் போகட்டும், சில்லறைச் செலவுக்குத் தனி முன்பணம் இருக்கட்டும்.

ரசீதுப் புத்தகங்களுக்கு ஒரு இருப்புப் பதிவேடு உண்டா என்று கேள். எத்தனை புத்தகம் அச்சானது, எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை, யார் கையில் இருக்கிறது. கணக்கில் வராத ஒரு புத்தகம் வெளியே சுற்றினால் கேஷ் புக் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகக் கொரிந்து போன்ற சபைகளில் சேர்த்த தர்மப் பணத்தைத் தான் தனியே சுமக்காமல் கூட ஆட்களை அனுப்பினார் பவுல், யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று (2 கொரிந்தியர் 8:20, 21). பவுலையே சந்தேகிப்பார்கள் என்றால் நம் பொருளாளர் எதற்குக் கோபப்படவேண்டும்?

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். துபாயில் இருக்கிற நம் சபைப் பையன் இந்திய பாஸ்போர்ட்டோடு தன் சம்பளத்திலிருந்து பாங்கு வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட பெரியப்பா மகன் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டு நிதிச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் பதிவு பெற்ற அமைப்பு, டெல்லி ஸ்டேட் பாங்கு மெயின் கிளையில் இருக்கும் அதற்கான கணக்கில்தான் அதை வாங்க முடியும். உள்ளூர்க் கணக்கில் போட்டுவிட்டுப் பின்னால் சரிபண்ணலாம் என்பவர்களை நம்பாதே.

நிலம்: சி.எஸ்.ஐ. சொத்துகள் பெரும்பாலும் டிரஸ்ட் அசோசியேஷன் என்ற கம்பெனி பேரில்தான் இருக்கின்றன. உள்ளூர்க் கமிட்டி விற்கவும் முடியாது, நீண்ட குத்தகைக்கு எழுதவும் முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை கோயில், கல்லறை, பள்ளிக்கூட நிலங்களின் சர்வே நம்பருக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார். பார்ப்பதற்குச் செலவில்லை. சந்தேகமாக ஏதாவது பதிவு இருந்தால் தாளாக எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போ.

ஓட்டர் லிஸ்ட்டில் நடக்கிற கூத்து உனக்கே தெரியும். பாக்கி என்று ஏழைகளின் பெயரை நீக்குவதும், தேர்தலுக்கு முந்தின மாதம் ஒரே ஆள் முப்பது குடும்பத்துக்குச் சந்தா கட்டிப் பெயர்களைத் திரும்ப ஏற்றுவதும் ஒரே வாரத்தில் நடக்கும். கடைசித் தேதியை மூன்று ஞாயிறு முன்னால் அறிவிக்கவேண்டும், வரைவுப் பட்டியலைப் போர்டில் ஒட்டி ஆட்சேபணைக்கு நாள் கொடுக்கவேண்டும், ரசீது உறுப்பினர் பேரில், உறுப்பினர் கையில் போகவேண்டும். இதற்கு மேல் ஒரு கமிட்டி மெம்பரால் செய்ய முடியாது.

மினிட் புக்கில் வெற்று இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதே. "அப்புறம் எழுதிக்கலாம், போட்டுட்டுப் போங்க" என்பார்கள். எழுதி முடித்து, மீதி இடத்தில் குறுக்குக்கோடு இழுத்த பிறகு போடு. ஒரு தீர்மானத்துக்கு நீ உடன்படவில்லை என்றால் வாயால் சொல்வது போதாது, "என் மறுப்பைப் பதியவும்" என்று கேட்டு எழுத வை.

யாராவது உன்னிடம் குறை கொண்டுவந்தால், அவரை நீயே ஐயரிடம் கூட்டிப்போ. முதலில் தனியாக, பிறகு சாட்சிகளோடு, அப்புறம் சபைக்கு என்று மத்தேயு 18இல் சொன்ன வரிசை நல்ல வரிசை. தீரவில்லையென்றால் எழுத்தில், தேதியோடு, ஒரு நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கிக்கொண்டு, பல சேகரங்களுக்கு மேலான சபைமன்றத்தின் தலைவருக்கு, அதற்கு மேல் பேராயர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில். ஐயர் மேல் குற்றச்சாட்டு என்றால் இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னதை விட்டுவிடாதே. வதந்தியைச் சுமக்காதே. ஆனால் "அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே" என்று யாராவது வாயடைத்தால் 105ஆம் சங்கீதத்தை மேலே இருந்து வாசிக்கச் சொல். கொஞ்சம் பேராக, நிலமில்லாமல், ஊர் ஊராய் அலைந்த பரதேசிகளைக் காப்பாற்ற ராஜாக்களுக்குச் சொன்ன வார்த்தை அது. அதை ராஜாக்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

ஒன்றில் மட்டும் மத்தேயு 18 வரிசைக்குக் காத்திருக்காதே. ஞாயிறு பள்ளியிலோ விடுதியிலோ ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை என்று காதில் விழுந்தால் அன்றைக்கே போலீசுக்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ சொல்லிவிடு. 2012ஆம் வருஷ போக்சோ சட்டத்தில், தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் தன் கீழுள்ளவர் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை. "சபைப் பேர் கெடும், உள்ளேயே பேசி முடிப்போம்" என்பவர் எவ்வளவு பெரிய ஜெபவீரராக இருந்தாலும் கேட்காதே. பிள்ளையின் பெயரைக் கமிட்டியிலும் சொல்லாதே.

முதல் கூட்டத்தில் எதையும் கிளப்பாதே. திருமண்டல விதிப்புத்தகம் ஒன்று, போன வருஷத் தணிக்கை அறிக்கை ஒன்று, இரண்டையும் எழுதிக் கேட்டு வாங்கு. தணிக்கை அறிக்கையில் "இதர செலவு" என்று இருக்கிற வரியைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு எனக்குப் போட்டோ அனுப்பு. மாப்பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல். கூட்டம் இரவு ஒன்பதைத் தாண்டினால் தனியாக ஆட்டோவில் வராதே, அவரை வரச் சொல்.

அன்புடன்,
அம்மா