காந்தம் இல்லாத மோட்டார்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி ஓடுவதே இல்லை.

"இத்தனை வருஷமா ஒரே மோட்டாரைக் கட்டிக்கிட்டு அழறியே, அப்படி என்னடா அதுல?" என்று கேட்டிருந்தாய். கோயம்புத்தூரில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

உன் கடைக்கு இப்போது சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்கூட்டர் ஹப் மோட்டார்களும் வருகின்றன என்றாய். அதைத் திறக்கும் பாடு உனக்கே தெரியும். உள்ளே ஒட்டியிருக்கும் நியோடிமியம் காந்தம், சுற்றாமல் நிற்கும் பாகமான ஸ்டேட்டரை விடாது. புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும், நடுவில் விரல் மாட்டினால் போச்சு. அந்தக் காந்தம் சூட்டுக்கும் ஆகாது. அதிகம் சூடேறும் மோட்டார் என்றால் அதைத் தாங்க டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். 2025 ஏப்ரலில் சீனா அது உட்பட ஏழு அரிய மண் உலோகங்களுக்கும், அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்று சொன்ன பிறகு, நம் வண்டி கம்பெனிகள் தவித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய்.

நான் செய்வது ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார். சுற்றுகிற பாகமான ரோட்டரில் காந்தமும் கிடையாது, காயிலும் கிடையாது. பல் வெட்டிய இரும்புத் தகடுகளை, அதாவது ஸ்டாம்பிங்கை, அடுக்கி ஷாஃப்டில் ஏற்றியது, அவ்வளவுதான். ஸ்டேட்டரின் ஒவ்வொரு பல்லிலும் ஒரு காயில். கரண்ட் கொடுத்தால் பக்கத்து ரோட்டர் பல்லை இழுக்கும். இரண்டும் நேருக்கு நேர் வருவதற்குள் அதை அணைத்து, அடுத்ததைப் போட வேண்டும். யோசனை பழசு. 1842இல் ராபர்ட் டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எடின்பரோ–கிளாஸ்கோ பாதையில் பேட்டரி ரயில் எஞ்சின் ஓட்டினாரே, அதுவும் மின்காந்தம் இரும்பை இழுக்கும் இதே தத்துவம்தான். வேகமாகப் போட்டு அணைக்க அவரிடம் டிரான்சிஸ்டர் இல்லை.

கஷ்டமெல்லாம் கன்ட்ரோலில். என் மோட்டாரில் ஸ்டேட்டர் பல் 12, ரோட்டர் பல் 8. 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு ஃபேஸையும், அதாவது சேர்ந்தே கரண்ட் வாங்கும் காயில் கூட்டத்தையும், நொடிக்கு 800 தடவை போட்டு அணைக்க வேண்டும். ரோட்டர் ஒரு டிகிரி திரும்ப 28 மைக்ரோசெகண்ட்தான். அணைக்கத் தாமதமானால் மிச்சக் கரண்ட் ரோட்டரைப் பின்னுக்கு இழுக்கும்.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம், உயிரை எடுப்பது சத்தம்தான். இழுக்கிற விசையில் பெரும்பகுதி ரோட்டரைச் சுற்றுவதற்குப் போகாமல் ஸ்டேட்டர் உடம்பை உள்ளே இழுத்து நசுக்குகிறது. கரண்டைச் சட்டென்று வெட்டினால் நசுங்கிய உடம்பு விடுபட்டு அதிரும். ஏதோ ஒரு வேகத்தில் ஸ்டேட்டரின் சொந்த அதிர்வெண்ணோடு அது சேர்ந்துகொண்டு வீலென்று அலறும். அதனால் கரண்டை இரண்டு படியாக இறக்குகிறோம். இரண்டு படிக்கும் நடுவே அந்த அதிர்வின் அரைச் சுற்று நேரம் விட்டால், முதல் படி எழுப்பிய அதிர்வை இரண்டாம் படி அடக்கிவிடும். டெஸ்ட் பெஞ்சில் அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்தேன். அலறல் அப்படியே அமுங்கி, பேரிங் ஓடும் சத்தம் காதில் விழுந்தது. அந்தச் சந்தோஷம் சொல்லி மாளாது முருகேசா!

எல்லா வண்டிக்கும் இதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். அதே எடைக்குக் காந்த மோட்டார்தான் அதிக டார்க், அதாவது சுற்றுவிசை, தரும். ஆனால் சரக்கு ஆட்டோ மாதிரி நாள் முழுக்க உழைக்கிற வண்டிக்கு இது வர வேண்டும் என்பது என் ஆசை. ரோட்டரில் எரிந்துபோக ஒன்றுமே இல்லை. காயில்கள் பல்லுக்குப் பல் தனித்தனி, ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். அந்த வேலை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகாமல் உன் மாதிரி கடையிலேயே முடியும்.

அப்புறம், அடுத்த ஸ்டேட்டருக்கு நீதான் காயில் சுற்றித் தர வேண்டும். ஸ்லாட்டில் கம்பி இன்னும் நெருக்கமாக அடங்க வேண்டும். 18 கேஜ் ஒற்றைக் கம்பி சரியா, அதைவிட மெல்லிய 22 கேஜை மூன்றாகச் சேர்த்தால் நல்லதா என்று பார்த்துச் சொல். ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவில் ஏர்கேப் 0.3 மி.மீ.தான், கம்பி உள்பக்கம் துளியும் துருத்தக் கூடாது. ஸ்டாம்பிங் அடுக்கைக் கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்