ஆயரின் தபாலை முதலில் படிப்பவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேன்டர்பரியின் முதல் பெண் பேராயராக சாரா முல்லலி அறிவிக்கப்பட்டதை ஒட்டி, இங்கிலாந்து திருச்சபையில் யார் யாருக்கு என்ன வேலை என்று உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பயனுள்ள கட்டுரை. ஆனால் ஆயரின் அலுவலகத்தில் அவருக்கு நெருங்கிய துணையாக வேலை செய்யும் சாப்ளினுக்கு அதில் ஒரே ஒரு வரிதான். ஆராதனையில் ஆயரின் கோலைப் பிடித்துக்கொண்டு நடப்பவராம். இந்த நாட்டு மறைமாவட்டம் ஒன்றில் ஆயருக்குச் சாப்ளினாகவும் கொள்கை ஆலோசகராகவும் சில ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோல் பிடித்தது உண்மைதான். ஆனால் ஆயருக்கு வரும் கடிதங்களை முதலில் பிரித்துப் படிப்பவரும் அவரே. எது ஆயரின் மேசைக்குப் போகும், எது கோப்புக்குள் போகும் என்பது பெரும்பாலும் அவர் கையில். நம் வாசகர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இந்தத் திருச்சபையில் 42 மறைமாவட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றின் ஆயருக்கும் ஒரு சின்ன அலுவலகம், அதற்கான செலவைத் திருச்சபை ஆணையர்களின் நிதி ஏற்கிறது. சாப்ளின் சில இடங்களில் குருவானவர், சில இடங்களில் குருப்பட்டம் பெறாதவர். புதுக் குருக்களுக்குப் பட்டம் கொடுக்கும் நாளில் ஆயர் எப்போது தலையில் அணியும் தொப்பியைக் கழற்ற வேண்டும், எந்தப் பக்கத்தில் புத்தகம் திறந்திருக்க வேண்டும், அபிஷேக எண்ணெய் யார் கையில் என்பதெல்லாம் அவர் தலையில். ஆயரின் நாட்குறிப்பும் அவரைத் தாண்டித்தான் நிரம்பும். காலை ஜெபத்தில் ஆயரோடு உட்காருபவரும் பல அலுவலகங்களில் அவர்தான்.

கொள்கை ஆலோசகர் என்ற மறுபாதி நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையோடு சம்பந்தப்பட்டது. அங்கே ஆயர்களுக்கு 26 இடங்கள். கேன்டர்பரி, யார்க் பேராயர்களுக்கும் லண்டன், டர்ஹம், வின்செஸ்டர் ஆயர்களுக்கும் பதவியாலேயே இடம் உண்டு. மற்றவர்கள் பணி மூப்புப்படி வருகிறார்கள். 2015-இல் வந்த சட்டத்தால் அந்த வரிசையில் பெண் ஆயர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. ஒவ்வொரு நாளும் அவை கூடும்போது முறை வைத்து ஓர் ஆயர் ஜெபம் நடத்துவார். அதே ஆயர் அன்றே சிறைச் சீர்திருத்தம், குடியேற்றம், முதியோர் பராமரிப்பு என்று எதைப் பற்றியும் பேச வேண்டி வரலாம். அவர்களுக்குக் கட்சிக் கொறடா கிடையாது. எப்படி வாக்களிப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் பேச்சுக்கான குறிப்பைத் தயாரிக்கிற ஆலோசகரின் பொறுப்பு கூடுகிறது. குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போனால் ஆயர் ரயிலில் படிக்க மாட்டார். ஒரு எண் தப்பாக இருந்தால் எதிர்வரிசையில் இருக்கும் முன்னாள் நீதிபதி ஒருவர் எழுந்து நிற்பார்.

இந்தப் பதவியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று திருச்சபைக்குள் சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். ஜெபத்தில் துணையிருப்பவர் அரசியல் குறிப்பு எழுதக் கூடாது என்பது அவர்கள் கவலை. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல கொள்கைக் குறிப்பு தபால் பையிலிருந்துதான் வருகிறது. அரசின் உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டில் மூன்றாவது குழந்தைக்குத் தொகை கிடையாது என்ற விதி 2017 ஏப்ரலில் வந்தது. அதை நீக்கக் கோரி அப்போதைய டர்ஹம் ஆயர் பால் பட்லர் 2022-இல் பிரபுக்கள் சபையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். இப்படி ஒரு விதி வீட்டுச் சமையலறையில் என்ன செய்கிறது என்பதை அமைச்சகத்தின் அட்டவணை காட்டாது. உணவு வங்கி நடத்தும் ஆலயத்திலிருந்து ஒரு குருவானவர் எழுதுகிற கடிதம் காட்டும். அதைப் பிரித்தவரே பேச்சுக் குறிப்பையும் எழுதினால்தான் அந்தக் கடிதத்தின் சூடு ஆறாமல் அவைக்குப் போகும். அடைக்கலம் கேட்டு வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் அரசுத் திட்டத்தை எதிர்த்து, 2022 ஜூனில் அப்போது அவையில் இருந்த 25 ஆயர்களும் சேர்ந்து டைம்ஸ் நாளிதழுக்கு எழுதியதை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடைக்கலம் கேட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

இது போன்ற பதவிகளில் இருந்தவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1877-இல் பேராயர் டெய்ட்டுக்குச் சாப்ளினாகச் சேர்ந்த ராண்டல் டேவிட்சன் 1903-இல் தானே கேன்டர்பரி பேராயர் ஆனார். பேராயர் ரன்சியின் உதவியாளராக இருந்த டெர்ரி வெய்ட் குருவானவர் அல்ல. பிணைக் கைதிகளை மீட்கப் பேசப் போய், 1987 ஜனவரியில் பெய்ரூட்டில் தானே பிடிபட்டு 1991 நவம்பரில்தான் வெளியே வந்தார்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு கடிதம் இன்னும் என் நினைவில் நிற்கிறது. எழுதியவரை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன். கோடு போட்ட நோட்டுத் தாள்கள், நீல மை, இரு பக்கமும் எழுதியது. முதல் பக்கம் முழுக்க ஆலயக் கூரை ஒழுகுவது பற்றி. அடுத்த பக்கத்தில் பாடகர் குழுவின் ஒத்திகை நேரத்தை மாற்றியது பற்றி. மூன்றாம் பக்கத்தின் அடியில், பத்திகூடப் பிரிக்காமல், சிறு வயதில் தன்னிடம் ஒரு குருவானவர் நடந்துகொண்ட விதம் பற்றி ஒரே ஒரு வாக்கியம். அப்புறம் மறுபடியும் கூரை. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கட்டடப் பிரிவுக்கு என்று மூலையில் பென்சிலால் குறித்து அனுப்பிவிடுவது எவ்வளவு சுலபம்! அந்தக் கடிதம் அப்படிப் போகாமல், அன்றே போக வேண்டிய இடத்துக்குப் போனது. ஆனால் காயப்பட்டவர்கள் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். நேராகச் சொல்லத் துணிவு வருவதில்லை. படிப்பவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் கூரையைச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

படிப்பவர் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. குளஸ்டர் ஆயராக இருந்த பீட்டர் பால் 1992 டிசம்பரில் பாலியல் துன்புறுத்தல் புகாரில் கைது செய்யப்பட்டார். அந்தச் செய்தியை அடுத்து, அவரைப் பற்றிக் கவலை தெரிவித்து, கேன்டர்பரி பேராயரின் அலுவலகமான லாம்பெத் அரண்மனைக்கு ஏழு கடிதங்கள் வந்தன. போலீஸுக்குப் போனது ஒன்றே ஒன்று. அதுவும் இருப்பதிலேயே கனம் குறைந்த கடிதம். டேம் மொய்ரா கிப் தலைமையில் நடந்த ஆய்வு 2017-இல் இதை வெளியே கொண்டுவந்தது. பீட்டர் பால் 1993-இல் ஓர் எச்சரிக்கையோடு விடப்பட்டார், 2015-இல்தான் 32 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இடையில் 22 ஆண்டுகள். 1992-இல் முதலில் புகார் கொடுத்த இளைஞர், அந்தத் தீர்ப்பைப் பார்க்காமலே 2012-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மீதி ஆறு கடிதங்களும் தொலையவில்லை. யாரோ பிரித்தார்கள், யாரோ படித்தார்கள், கோப்பில் வைத்தார்கள். இதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 2024 நவம்பரில் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகலை அறிவித்ததன் பின்னணியிலும் இதே கேள்விதான் இருந்தது: கிறிஸ்தவ முகாம்களுக்கு வந்த சிறுவர்களை அடித்துத் துன்புறுத்திய ஜான் ஸ்மைத்தின் கொடுமைகள் பற்றி 2013-இலேயே அவருக்குத் தகவல் வந்திருந்தும் அது ஏன் முறையாகப் போலீஸுக்குப் போகவில்லை?

இப்போது விதிகள் இருக்கின்றன என்பார்கள். ஆமாம், இருக்கின்றன. துன்புறுத்தல் பற்றிய தகவல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் மறைமாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் இது புகார்தான் என்று ஒருவர் கண்டுகொண்ட பிறகுதானே அந்த 24 மணி நேரம் ஓடத் தொடங்கும்? கண்டுகொள்ள வேண்டியவர் முதலில் படிப்பவர். அவரே ஆயரின் நெருங்கிய துணை, ஆயரின் பெயர் கெடக் கூடாது என்று உள்ளூர நினைப்பவர். கெட்ட எண்ணமே தேவையில்லை. ஆயருக்கு இந்த வாரம் ஏற்கெனவே பாரம் அதிகம், அடுத்த வாரம் காட்டலாம் என்ற அன்பே போதும், ஒரு கடிதம் காணாமல் போக.

ஆகவே இரண்டு பதவியும் ஒருவரிடமே இருக்கட்டும், ஆனால் கடிதத்தை நிறுத்தும் அதிகாரம் மட்டும் அவரிடம் இருக்கக் கூடாது என்பதே என் கோரிக்கை. ஆயர் அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் மின்னஞ்சலையும் இரண்டாவது ஒருவர் கடைசி வரி வரை படிக்க வேண்டும். வந்த தேதி, யாரிடம் போனது என்ற பதிவேட்டைப் பாதுகாப்பு அலுவலர் எந்த நாளும் திறந்து பார்க்க முடிய வேண்டும், ஆயரின் அனுமதி கேட்காமலே. ஆள் எடுக்கும் விளம்பரங்களில் நல்ல எழுத்துத் திறன், இறையியல் அறிவு, இரகசியம் காக்கும் பண்பு என்று கேட்கிறார்கள். ஆயருக்குப் பிடிக்காத செய்தியை அவர் முகத்துக்கு நேரே சொன்ன அனுபவம் உண்டா என்றும் நேர்காணலில் கேட்க வேண்டும். இரகசியம் காப்பவரை விட அப்படிப்பட்டவர் கிடைப்பது கடினம்.

நம் மக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டன், சதக், செல்ம்ஸ்ஃபோர்ட் மறைமாவட்டங்களில் எத்தனையோ தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் உள்ளன. ஆயருக்கு எழுதிவிட்டோம், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை நம் பெரியவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் அம்மா, ஐயா, உங்கள் பிள்ளைக்கோ உங்களுக்கோ தீங்கு நடந்திருந்தால் தயவுசெய்து அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கடிதத்தை மறைமாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்புங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழிலேயே எழுதுங்கள்; மொழிபெயர்ப்பது அவர்கள் வேலை. ஒரு குழந்தை இப்போது ஆபத்தில் இருக்கிறது என்றால் ஆயருக்கு எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள். குடும்ப மானம் போய்விடும் என்று வாயை அடைக்க வருகிறவர்களிடம் பீட்டர் பால் வழக்கைச் சொல்லுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயரும் தொடர்பு எண்ணும் ஆலயங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும், ஆனால் ஆங்கிலத்தில். நான் சொன்ன மூன்று மறைமாவட்டங்களின் பாதுகாப்பு அலுவலகத் தொலைபேசி எண்களையும், அழைத்தால் என்ன நடக்கும் என்ற சிறு விளக்கத்தையும் உங்கள் ஞாயிறு இதழில் தமிழில் வெளியிட முடியுமா? விளக்கத்தை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர்
லண்டன்