விழாக்களுக்குப் படம் அனுப்பவிருக்கும் உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். குறும்படத்தை முடித்த மகிழ்ச்சியில் அதை உடனே யூடியூபில் ஏற்றிவிட வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்; இணையத்தில் ஏற்கெனவே வெளியான படங்களை ஏற்காத விழாக்கள் பல இருப்பதால், தேர்வுக்குழுவுக்குக் விமியோ என்னும் காணொளித் தளத்தில் ஏற்றி, கடவுச்சொல் இட்ட இணைப்பை அனுப்புவதே பாதுகாப்பானது.

இசை உரிமையில் நம் படங்கள் அடிக்கடி சிக்கிக்கொள்கின்றன. தேநீர்க் கடைக் காட்சியில், பின்னால் இருக்கும் வானொலியில் நான்கு விநாடி ஒலிக்கும் சினிமாப் பாட்டுக்கும் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்பதால், படப்பிடிப்பின்போதே வானொலியை அணைத்துவிட்டு, உரிமையுள்ள இசையைப் படத்தொகுப்பில் சேர்ப்பது நல்லது. ஆங்கில வசனவரிகளையும் கடைசி இரவில் அவசரமாக ஒட்டாதீர்கள். வெள்ளை வேட்டியின் மேல் வெள்ளை எழுத்து விழுந்தால், தமிழ் தெரியாத நடுவருக்கு அந்த வசனமே இல்லாமல் போகும்.

ஆஸ்கர் குறும்படப் பிரிவில் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடமே உச்சவரம்பு. ஆனால் பல படங்களை வரிசையாகத் திரையிட வேண்டிய அமைப்பாளர்களுக்கு 15 நிமிடத்துக்குள் முடியும் படத்துக்கு இடம் கண்டுபிடிப்பது எளிது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

விழாக்களுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க உதவும் ஃபிலிம்ஃப்ரீவே தளம் வழியாக அனுப்புவோர், கடைசித் தேதி நெருங்க நெருங்கப் பல விழாக்களில் கட்டணம் உயரும் என்பதால், முன்கூட்டியே விண்ணப்பிக்கவும். திருவனந்தபுரத்தில் கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு அனுப்ப விரும்புவோர் தங்கள் படத்தின் பெயரையும் நீளத்தையும் இக்குழுவில் பதிவிடவும்.