மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு பூக்கார அக்காவுக்கு நன்றி

நான் குடியிலிருந்து மீண்டு வந்துகொண்டிருக்கிறேன் என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தீர்கள், வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டீர்கள், பிள்ளைக்கு பீஸ் கட்டினீர்கள். எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் யாருக்கும் தெரியாத ஒருவர் இருக்கிறார். முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வார்டில் இருந்தவரை கஷ்டம் உடம்புக்குத்தான். வெளியே வந்த பிறகு சாயங்காலங்கள்தான் பெரிய பாடாக இருந்தன. கப்பலூரில் வேலை முடிந்து, பெரியாரில் இறங்கி, வீட்டுக்குப் போகிற பஸ்ஸுக்காக நிற்பேன். அப்போதுதான் உடம்பு தேடும். வாய் வறண்டு, உள்ளங்கை வேர்த்து, காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். கால் தானாகவே கடை இருக்கும் பக்கம் திரும்பும். டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: "அந்த வேகம் ஏறும், ஆனா ஏறிக்கிட்டே இருக்காது. 15 நிமிஷம், மிஞ்சிப்போனா அரை மணி நேரம். அதுவரைக்கும் கையையும் மனசையும் வேற எதுலயாவது போடுங்க." சரி, பஸ் ஸ்டாண்டில் எதில் போடுவது?

ஒரு நாள் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பூக்கார அக்கா கூப்பிட்டார். "தம்பி, சும்மாதான நிக்கிற? இங்கிட்டு உக்காந்து இந்தப் பூவைக் கட்டு. முகூர்த்த நாளு, கை பத்தல." எனக்குக் கட்டத் தெரியாது என்றேன். "தெரியாட்டி என்ன, பழகு."

ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு மொட்டு அந்தப் பக்கம். காம்புகள் சேரும் இடத்தில் ஈர வாழைநாரைச் சுற்றி ஒரு முடிச்சு. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளரவிட்டால் பூ உதிர்ந்துவிடும். மொட்டு விரிவதற்குள் கட்டிவிட வேண்டும் என்பதால் நினைப்பு வேறெங்கும் போக வழியில்லை. லேத்தில் அரை நூல் பிசகாமல் கடைசல் பிடிக்கிற கை எனக்கு. அந்தக் கை நடுங்கியது. அக்கா அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் கட்டியதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை யாரு தலையில வைப்பா? அவுத்துட்டுத் திரும்பக் கட்டு" என்றார்.

அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! வீட்டிலும் வேலையிலும் எல்லோரும் என்னைக் கண்ணாடிச் சாமானைப் போலப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பாசத்தால்தான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்கு நான் நோயாளி இல்லை. பூவை லூசாகக் கட்டுகிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

ரெண்டு முழம் முடிவதற்குள் வாய் வறட்சி போயிருந்தது. டாக்டர் நிமிஷத்தில் சொன்ன கணக்கு எனக்கு முழத்தில்தான் விளங்கியது. அதற்கப்புறம் சாயங்காலம் என்றால் அக்கா கடைதான். சில நாள் ஒரு முழத்திலேயே அடங்கிவிடும். சம்பள நாளில் நாலு முழம் ஆனாலும் அடங்காது. அப்போது அக்கா பக்கத்துக் கடையில் வடை வாங்கி வைப்பார். "வெறும் வயித்தோட இருக்காத." பசி, கோபம், தனிமை, அசதி இந்த நாலும்தான் மறுபடி குடிக்கத் தள்ளும் என்று எனக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

என்ன ஏது என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை. இந்த மடலில் உங்கள் பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு, நாரை நனை" என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்களுக்கும் நன்றி. டாக்டருக்கும், ராத்திரியெல்லாம் விழித்திருந்த நர்ஸ் அக்காக்களுக்கும். சம்பளத்தை என் மனைவியின் கணக்கில் போடச் சம்மதித்த முதலாளிக்கு. எந்நேரம் போன் அடித்தாலும் எடுக்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்து நண்பர்களுக்கு. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கிய இயக்கம் அது என்பார்கள். இங்கேயும் அப்படிப் பேசித்தான் ஒரு ராத்திரியைத் தாண்டுகிறோம். என் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்ல முடியாது, நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

குடியை விட நினைக்கிற யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. தினமும் நிறையக் குடித்தவர்கள் தாங்களாகவே சட்டென்று நிறுத்த வேண்டாம். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். போதை மீட்பு உதவி எண்ணான 14446க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள், கட்டணம் கிடையாது.

சித்திரைத் திருவிழா நெருங்குகிறது. மதுரைக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை ராத்திரி எனக்கு எப்படிப் போகும் என்பது பழைய கூட்டாளிகளுக்குத் தெரியும். இந்த வருஷம் அக்கா தல்லாகுளத்தில் கடை போடுகிறார். பூக்கட்ட வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அழகர் ஆற்றில் இறங்குகிற வரைக்கும் அங்கேதான் இருப்பேன். மாப்பிள்ளைகளா, என்னைத் தேடினால் அங்கே வாருங்கள். நார் கிழிக்க இன்னும் ரெண்டு ஆள் வேண்டும் என்கிறார் அக்கா.