பாலாற்றுச் சேறு எங்கே போகும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வாணியம்பாடி, ஆம்பூர் நகரப் பகுதிகளில் பாலாற்றைத் தூர்வாரக் கோரும் செய்தியைப் படித்தேன். கோரிக்கை சரிதான். ஆனால் அள்ளுகிற சேற்றை எங்கே கொட்டுவது என்று அதில் ஒரு வரிகூட இல்லையே!

ஆந்திர எல்லையில் புல்லூர் தடுப்பணை நிரம்பி வழிந்தால் நமக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தத் தண்ணீர் ஊருக்குள் எதன்மேல் ஓடுகிறது? மணலை விடுங்கள், அதைத்தான் எப்போதோ அள்ளித் தீர்த்தாயிற்று. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் சேரும் இடங்களில் மண்வெட்டியைப் போட்டால் மை போலக் கறுத்த சேறு வரும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. கூடவே நீலம் பாய்ந்த தோல் சீவல்களும் வரும். குரோம் உப்பில், அதாவது குரோமியம் என்ற உலோகத்தின் உப்பில், பதப்படுத்திய தோலுக்குத்தான் அந்த நிறம்.

ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. அதே பழக்கத்தில் இந்தச் சேற்றையும் டிப்பரில் ஏற்றி வயலிலோ வீட்டுமனையிலோ கொட்டினால் வம்புதான். காற்றுப் படாத சேற்றில் குரோமியம் பெரும்பாலும் எளிதில் கரையாத வடிவில் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அள்ளிக் காயப்போட்டால், மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடால் அதில் ஒரு பகுதி ‘ஆறு இணைதிறன் குரோமியம்’ என்ற நச்சு வடிவமாக மாறக்கூடும். அது தண்ணீரில் கரைந்து கிணறுவரை போகும். புற்றுநோயை உண்டாக்கும் பொருளும்கூட.

அதற்காகத் தொடாமலே விடவும் முடியாது. 2021 நவம்பரில் வந்ததுபோல இன்னொரு வெள்ளம் வந்தால், ஆறே சேற்றைக் கிளறிக் கீழேயுள்ள ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவின் பாதரசச் சேற்றை அப்புறப்படுத்தும் வேலை 1977-இல் தொடங்கி 1990-இல்தான் முடிந்தது. கரையோரம் அடைப்புக் கட்டி, சேற்றை உள்ளே போட்டு, மேலே நல்ல மண்ணை மூடி, 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். நாலு ஜேசிபியை இறக்கி ஒரு வாரத்தில் முடிக்கிற வேலையா இது?

செலவு யாருடையது என்பதிலும் குழப்பம் வேண்டாம். மாசுபடுத்தியவரே சூழலைச் சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று இந்தப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் கண்டித்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது.

எனவே முதலில் இடம்வாரியாக, அடிக்கு அடி ஆழத்தில் சேற்று மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். எங்கே அள்ளுவது, எங்கே மூடிவைப்பது, அள்ளியதை எந்தக் குழியில், என்ன தடுப்புப் போட்டுப் புதைப்பது என்பதை வார்டு மக்கள் முன்னால் வைக்கட்டும். அதுவரை ஒரு டிப்பர் சேறுகூட ஆற்றைவிட்டு வெளியே போகக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வாணியம்பாடி