கேன்சர் வந்தா எல்லாரும் எளைச்சுதான் போவாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மருத்துவ இணைப்புல மார்பகப் புற்றுநோய் பத்தி எழுதியிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கூட போட்டிருந்த படத்துல ஒரு அம்மா தலையில துணி கட்டிக்கிட்டு, கன்னமெல்லாம் ஒட்டிப்போய் எலும்பும் தோலுமா உக்காந்திருந்தாங்க பாருங்க, அத பாத்ததும்தான் எழுதணும்னு தோணுச்சு. எனக்கு கீமோ முடியும்போது 9 கிலோ ஏறியிருந்துச்சுங்க.

நான் திண்டுக்கல் பக்கம், வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிறேன். 22 வருஷமா அடுத்தவங்க உடம்ப டேப் வச்சு அளந்தே பொழப்பு ஓடுது, யாருக்கு எங்க ஏறியிருக்கு எங்க எறங்கியிருக்குன்னு டேப் எடுக்காமலே சொல்லிருவேன். 46 வயசுல இடது பக்கம் கட்டி. ஆபரேஷன்ல மார்பையும் அக்குள்ல இருந்த நெறிக்கட்டியையும் எடுத்தாங்க, அப்புறம் 21 நாளுக்கு ஒரு தடவன்னு நாலு கீமோ, அது செகப்பு மருந்து, ஒண்ணுக்கு போனா அதுவும் செகப்பா வரும், மொத தடவ ரத்தம்னு நெனச்சு பாத்ரூம்லயே கத்திட்டேன். அது முடிஞ்சு வாராவாரம் பேக்லிடாக்சல்னு இன்னொரு கீமோ மருந்து, 12 வாரம். எல்லாம் முதலமைச்சர் காப்பீட்டு கார்டுல நடந்துச்சு, அதுக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு தடவையும் போனதும் மொதல்ல எடை மிஷின்ல ஏறச் சொல்லுவாங்க. 58, 60, 63ன்னு எழுதிக்குவாங்க, அதோட சரி. உயரத்தையும் எடையையும் வச்சுதான் மருந்து எவ்வளவுன்னு கணக்கு போடுறாங்களாம், எடை நல்லா மாறிட்டா டோஸையும் மாத்தணுமாம், அதுக்குத்தான். எனக்கு அடுத்த பெட்டுல ஒரு அம்மா வாய்ப்புண்ணுல எதையும் முழுங்க முடியாம 6 கிலோ எறங்கிட்டாங்க, அவங்கள பாக்க டயட்டீஷியன் வந்தாங்க, புரோட்டீன் பவுடர் எழுதிக் குடுத்தாங்க, சரிதான், வேணும்தான. நான் ஏறிக்கிட்டே போறத யாரும் ஒரு வார்த்த கேக்கல. நானா ஒருநாள் கேட்டதுக்கு "சாப்பிட முடியுதுல்ல, சந்தோஷப்படுங்க"ன்னாங்க.

ஏன் ஏறுச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சு ஒரு டாக்டரம்மா உக்கார வச்சு சொன்னாங்க. பேக்லிடாக்சல் ஏத்துறதுக்கு முன்னாடி அலர்ஜி வராம இருக்க டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு போடுவாங்க, அது போட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது, பசி மட்டும் வரும், நான் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு பழைய சோத்த போட்டு சாப்பிட்டிருக்கேன். மூணாவது கீமோவோட மாதவிடாய் நின்னுபோச்சு, மெதுவா வருஷக்கணக்குல வர வேண்டிய மாத்தம் அஞ்சாறு மாசத்துல வந்துருச்சு, திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கும், வயித்துல சதை போடும். குமட்டலுக்கு பன்னு, ரஸ்க்கு, இட்லின்னு மாவாவே தின்னது ஒரு பக்கம். எங்க வீட்டு ஆளுங்க இன்னொரு பக்கம், தங்கச்சி ஆட்டுக்கால் சூப்பு, அத்தை வெல்லம் போட்டு சத்துமாவு கஞ்சி, அண்ணி மாதுளம்பழ ஜூஸு, "தெம்பு வேணும்ல தெம்பு வேணும்ல"ன்னு. பாசத்துல குடுக்குறாங்க, எப்படி வேண்டாங்கிறது.

தெம்பு வந்துச்சான்னா அதுவும் இல்லீங்க. கூடுறது கொழுப்பு, குறையிறது சதைப்பிடிப்பு, அதுதான் கொடுமை. எடை 67 ஆனப்போ எனக்கு டவுன் பஸ் படி ஏற கம்பிய புடிச்சு இழுக்க வேண்டியிருந்துச்சு, அரை மணி நேரம் மிஷின் மிதிச்சா தொடை நடுங்கும். ஊர்ல பாக்குறவங்களுக்கோ நான் தேறிட்டேன். "என்னக்கா, நல்லா பூசுனாப்புல ஆயிட்டீங்க"ம்பாங்க. ஒரு கல்யாணத்துல சொந்தக்காரம்மா ஒருத்தங்க "கேன்சருன்னாங்க, பாத்தா அப்படி தெரியலையே"ன்னு என் காதுபடவே சொன்னாங்க, நான் பொய் சொல்லி கார்டுல பணம் வாங்குன மாதிரி.

இன்னொரு விஷயம், இத ஆம்பளைங்க படிச்சாலும் பரவால்ல, எழுதுறேன். எடுத்த பக்கத்துக்கு நானே பஞ்சுல பேடு தச்சு, கொஞ்சம் கனம் இருக்கணும்னு உள்ள கடுகு வச்சேன், இல்லாட்டி ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் எறங்கி தோள் வலிக்கும். உடம்பு ஏற ஏற இருக்கிற மார்பும் பெருத்துச்சு, அப்போ பேடையும் பெருசாக்கணும். மூணு தடவ பிரிச்சு தச்சேன். ஒவ்வொரு தடவையும் அழுதேன், முடி கொட்டினப்ப கூட அவ்வளவு அழல.

ட்ரீட்மென்ட் முடியிற சமயத்துல காலேஜ்ல படிக்கிற ஒரு பொண்ணு ஃபாரம் எடுத்துட்டு வந்துச்சு, நோயாளிங்க வாழ்க்கைத்தரம் எப்படி இருக்குன்னு கேக்குற ஃபாரம், பேரு ஃபாக்ட்-பியாம். போன ஏழு நாள்ல எப்படி இருந்துச்சுன்னு சைபர்ல இருந்து நாலு வரைக்கும் நம்பர் போடணும். அதுல ஒரு வரி, எடை மாறினது எனக்கு தொந்தரவா இருக்கு அப்படின்னு. அந்தப் பொண்ணு அத வாசிச்சதும் எனக்கு தொண்ட அடைச்சிருச்சு. ஆக இது எங்கயோ யாருக்கோ தெரிஞ்ச விஷயம்தான், கேள்வியாவே அச்சடிச்சு வச்சிருக்காங்க, நான்தான் என் நாக்கு ருசின்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். நாலுக்கு வட்டம் போட்டேன்.

வெறும் அழகு விஷயம்னு நெனச்சிறாதீங்க. என்கூட கீமோ போட்ட ஒரு பொண்ணு, 39 வயசு, டமோக்சிபென்னு கீமோவுக்கு அப்புறம் குடுக்குற ஹார்மோன் மாத்திரைய சாப்பிட்டா குண்டாவோம்னு யாரோ சொன்னத கேட்டு ரெண்டு மாசம் மாத்திரைய தொடவே இல்ல. கொஞ்சம் பேருக்கு அந்த மாத்திரையையும் மத்தவங்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் குடுத்து ஒத்துப் பாத்த பெரிய ஆராய்ச்சியில ரெண்டு பக்கமும் எடை ஒரே மாதிரிதான் ஏறுச்சாம். ஹார்மோன் வகை கட்டிக்கு அத அஞ்சு வருஷம் ஒழுங்கா சாப்பிட்டா இந்த நோயால வர்ற சாவு மூணுல ஒரு பங்கு கொறையுதாம். இத மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு நிறுத்தியிருக்குமா?

அப்புறம் கை. நெறி எடுத்த பக்கம் கை வீங்கும், உடம்பு எடை கூடக்கூட அந்த பயமும் கூடும். எனக்கு டாக்டர் கண்டுபிடிக்கல, என் ஜாக்கெட் கண்டுபிடிச்சுச்சு. வலது கை சரியா இருக்கு, இடது கை புடிக்குது, டேப் வச்சு பாத்தா ஒரு இஞ்ச் வித்தியாசம். ஓடிப்போய் காட்டினதால சீக்கிரமே கட்டு கட்டி உறை மாட்டி அடக்குனாங்க.

இப்ப நான் தினம் அரை மணி நேரம் நடக்குறேன், ரெண்டு தண்ணி பாட்டில புடிச்சு கைய தூக்குறேன், மொதல்ல பிசியோகிட்ட கேட்டுட்டுதான். கீமோ நடக்கும்போதே இப்படி செய்யலாம்னு அமெரிக்க புற்றுநோய் டாக்டருங்க சங்கம் 2022லயே வழிகாட்டி போட்டிருக்காம், சிகிச்சை நடக்குறப்ப எடைய குறைச்சே ஆகணும்னு சொல்ல ஆதாரம் பத்தாதுன்னும் அதுல இருக்காம், அதனால யாரும் பட்டினி கிடக்க வேணாம். எனக்கு அப்போ "ரெஸ்ட் எடுங்க"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. கையில குடுத்த டயட் பேப்பர்ல ஓட்ஸ், ப்ராக்கோலி, ஆலிவ் ஆயில். அதுவும் இங்கிலீஷ்ல. எங்க ஊர் சந்தையில ப்ராக்கோலிக்கு நான் எங்க போக?

2022ல மட்டும் இந்தியாவுல புதுசா 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு இந்த நோய்னு கணக்கு. அக்டோபர் வந்தா ரோஸ் ரிப்பன் குத்தி போட்டோ எடுக்குறாங்க, எடுக்கட்டும். நீங்க அரைப் பக்கம் ஒதுக்கி, கீமோ நடக்குறப்ப கேப்பக்கூழ் எவ்வளவு, முட்டை எத்தன, கொண்டக்கடலை சுண்டல் சாப்பிடலாமா, எந்த வாரத்துல என்ன உடற்பயிற்சின்னு தெரிஞ்ச டாக்டரையும் டயட்டீஷியனையும் கேட்டு நம்ம ஊர் சாப்பாட்ட வச்சு தமிழ்ல போடுங்க. கத்தரிச்சு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நானே குடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
திண்டுக்கல் மாவட்டம்.

பி.கு: தையல் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு. ஆபரேஷன் ஆனவங்க தைக்கக் குடுத்தா அந்தப் பக்கத்து கையில மட்டும் உள்ள ஒண்ணரை இஞ்ச் துணி விட்டு தைங்க, பிரிச்சு விட வசதியா இருக்கும், எலாஸ்டிக் வைக்காதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி தச்ச அளவு ஜாக்கெட்ட நம்பாம ரெண்டு கையையும் தனித்தனியா அளங்க.