பில்லில் தமிழ் வராதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு ஜாவா நிரல்மொழியில் பில் மென்பொருள் எழுதித் தருகிறேன். 'கம்ப்யூட்டருக்குத் தமிழ் சரிப்படாது' என்று கடைக்காரர்களிடம் கையை விரிப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

தமிழுக்குப் பதில் திரையில் கேள்விக்குறி வந்தால் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, தவறு. கட்டம் கட்டமாக வந்தால் பெரும்பாலும் எழுத்துரு பொருந்தவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். 2022இல் வந்த ஜாவா 18 முதல் கோப்புகளைப் படிக்க, எழுத தமிழும் அடங்கிய யுடிஎஃப்-8 குறியாக்கம்தான் இயல்பு. பழைய பதிப்பு என்றால் கோப்பைத் திறக்கும்போதே நாம் அதைச் சொல்லிவிட வேண்டும். எழுத்துருவுக்கு விண்டோஸிலேயே நிர்மலா யுஐ இருக்கிறது.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் திரையில் புதிதாக ஒரு பெட்டியைச் சேர்த்தால் தெரிவதில்லை என்ற புகார். ஜாவாவில் திரை அமைக்க உதவும் ஸ்விங்கில், பெட்டியைச் சேர்த்த பிறகு ரீவேலிடேட் (மறுபடி அடுக்கு), ரீபெயின்ட் (மறுபடி வரை) என்ற இரண்டு கட்டளைகளையும் அழைத்தால் போதும். அதை விட்டுவிட்டு, 'ஜன்னல் ஓரத்தை இழுத்து விடுங்கள், வந்துவிடும்' என்று கல்லாவில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தீபாவளிக் கூட்டத்தில் அவர் எதை இழுப்பார்?

கல்லூரிச் செய்முறைத் தேர்வில் தமிழில் ஒரு பில் திரை எழுதச் சொல்லலாமே.

- ஒரு வாசகர், ஈரோடு